தப்பு அடிக்க யார் வருவா?

1994ல் நான் படித்த கல்லூரியில் வெண்மணியை வைத்துப் பாட்டு நாடகம் போட்டோம். முதல் நாளே எங்க சார் வேசம் பிரித்தார். பண்ணையார், ஏஜெண்டு, சங்கத் தலைவர் என்று ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார். "நீ தப்பு அடிச்சிரு. உனக்குத் தானா வரும்" என்றார்.

எனக்கு வராது. அதுவரை தப்பைத் தொட்டதே இல்லை. அப்பா தொடவிட்டதில்லை. ஊர்த்தெரு சாவுக்கு ராப்பகலா அடிச்சு, வாசல்ல நின்னு கூலி வாங்கின மனுசன் அவர். நான் அஞ்சாவது படிக்கிறப்ப 'இனி வரமாட்டேன்'னு சொல்லிட்டு, அதுக்காக ஒரு வருசம் வேலையில்லாமக் கிடந்தார். சார் கெட்டவர் இல்லை, முற்போக்கானவர். ஆனாலும் என்னைப் பார்த்ததும் அவருக்குத் தப்புதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்றும் உறுத்தியது. 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். கூலி கூடக் கேட்டதும் செங்கொடி ஏற்றியதும் காரணம், உண்மைதான். ஆனால் எரிந்தது சேரி. நாடகத்தில் அந்தச் சொல்லே இல்லை. 'கூலி விவசாயி' மட்டும்தான். கேட்டதற்கு, "சாதியைப் பேசினா போராட்டம் உடைஞ்சிடும்ப்பா" என்றார்.

1973ல் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று அதற்குச் சந்தேகம். ஆளைப் பார்த்தே முடிவு. சார் என்னைப் பார்த்ததும் அதுவும் ஒன்றல்ல, தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வலித்தது.

சனிக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அடிக்கிறதுல என்னடா கேவலம்? நம்மள மட்டும் அடிக்கச் சொல்றதுதான் கேவலம். எல்லாப் பயலும் அடிச்சா நீயும் அடி" என்றார்.

அதையே சாரிடம் சொன்னேன். முகம் மாறியது. மறுநாள் ஒத்துக்கொண்டார். பண்ணையார் வேசக்காரன் உட்பட எட்டுப் பேர் கற்றுக்கொண்டோம். அப்பாவே வந்து சொல்லிக்கொடுத்தார். பையன்கள் அவரை 'வாத்தியாரே' என்று கூப்பிட்டார்கள். ஒரு பாட்டில் 'சேரி'யும் ஏறியது.

நாடகத்தன்று மேடைக்குப் பின்னால் வைக்கோல் கொளுத்தித் தப்பு காய்ச்சினோம். போட்டோ எடுக்க ஒருத்தர் வந்தார். மூணு பேர் தப்பைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். "வீட்டுல பாத்தா வம்பு மாப்ள" என்றான் ஒருவன். எங்களிலேயே நல்லா அடிப்பவன் அவன்தான்.

போட்டோவை ஊருக்குக் கொண்டுபோனேன். அப்பா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பயதானே நல்லா அடிச்சவன்? கை ஏன் சும்மா இருக்கு?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.