மாட்டுக்குச் சோறு வேண்டாம், வைக்கோல் போடுங்க



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்குகிறது. கரவனெல்லப் பக்கம் இனி உழ்ஹிய்யா மாடுகள் வரத் தொடங்கும். போன வருஷம் எங்கட வீட்டில் நடந்ததை அதனால் எழுதுகிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஏழு பேர் சேர்ந்து ஒரு நாம்பன் வாங்கினோம். பெருநாளைக்கு நாலு நாள் முந்தி எங்கட வளவில் கட்டினோம். விற்றவர் இரண்டு கட்டு வைக்கோலும் தந்தார். "காய்ஞ்ச வைக்கோலை எப்படித் தின்னும், பாவம்" என்று உம்மா மிஞ்சிய சோற்றை வாளி நிறைய வைத்தா. மகன் பாண் போட்டான். நானும் தடுக்கவில்லை. அது ஆசையாய்த் தின்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இரவு பதினொரு மணிக்குப் பார்த்தால் இடப்பக்கம் வயிறு ஊதிக் கிடக்கிறது. அசை போடவில்லை. வெளியே நல்ல மழை. எங்களுக்குப் பால் தரும் தோட்டத்து அண்ணனுக்கு ஃபோன் அடித்தேன். டோர்ச்சோடு நனைந்து வந்தார். வாளியைப் பார்த்ததுமே கேட்டார்:

"சோறு போட்டீங்களா சேர்?"

நான் வாய் திறக்கவில்லை. மாட்டை எழுப்பி மெல்ல நடக்க வைத்தார். விடிய விடிய எங்களோடு நின்றார். காலையில் மிருக வைத்தியர் வந்து மருந்து கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது. நோய் வெளிப்படையாகத் தெரியும் பிராணி உழ்ஹிய்யாவுக்குக் கூடாது. ஏழு வீட்டுப் பங்கும் அன்றிரவு அந்த வயிற்றில்தான் இருந்தது. அதைவிட, அந்த வாயில்லா ஜீவன் பட்ட வேதனை.

ஆசிரியர் கலாசாலையில் படித்தவன் நான். மாட்டு இரைப்பையின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் கீறிக் காட்டுபவன். முதல் அறையில் இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரைச் செரிக்க வைக்கின்றன. பழக்கமில்லாத மாட்டுக்குத் திடீரென்று சோறும் பாணும் நிறையப் போனால் அங்கே அமிலம் கூடிவிடும். அசை நிற்கும், உயிரே போகலாம். இதெல்லாம் தெரிந்தும் என் வளவில் மறந்துவிட்டேன்.

இந்த வருஷம் மாடு கட்டுகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்:

வைக்கோல் எந்நேரமும் முன்னால் இருக்கட்டும். அது நார், அசை போட வைக்கும். ஆனால் சத்துக் குறைவு, அதனால் பச்சைப் புல்லும் கொஞ்சம் கிளிசரிடியா இலையும் சேருங்கள்.

நம்ம ஊர் மழைக்கு வைக்கோல் சீக்கிரம் பூஞ்சணம் பிடிக்கும். கூரைக்குக் கீழே, பலகை மேல் அடுக்குங்கள். கறுத்து மணக்கும் கட்டை வீசிவிடுங்கள்.

தண்ணீர் எப்போதும் வையுங்கள். காய்ந்த தீனி தின்னும் மாடு நிறையக் குடிக்கும்.

வயிறு ஊதினால் கைமருந்து பார்த்துக்கொண்டிருக்காமல் மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

பிள்ளைகள் பாசத்தில்தான் பாண் கொடுப்பார்கள். ஏசாதீர்கள். ஒரு பிடி வைக்கோலைக் கையில் கொடுத்து ஊட்டச் சொல்லுங்கள். பெருநாள் காலை வரை என் மகன் அதைத்தான் செய்தான்.