நடிகராக விரும்பிய மாணவர்

சென்ற ஆண்டு ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். சிறு வயதில் நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர், தம் தந்தையுடன் வந்து ஸலாம் உரைத்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளராக இரவு வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயது வாலிபர் அவர். மகனின் முகத்தில் உறக்கமின்மை தெரிந்தது; தந்தையின் முகத்திலோ சினம்.

"ஹஜ்ரத், இவன் நடிகனாகப் போகிறானாம். சினிமாவில் சேர்த்து விடுகிறேன் என்று எவனோ சொன்னதை நம்பி, பதினைந்தாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறான். நீங்கள் நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார் தந்தை.

அந்த நாலு வார்த்தை எவை என்பதை நாம் அறிவோம். முன்பே ஒருமுறை சொல்லியும் இருக்கிறோம். பத்தாண்டுகளுக்கு முன், மத்ரஸா ஆண்டு விழாவில் சிறு உரையாடல் ஒன்றை நடித்துக் காட்ட இவர் அனுமதி கேட்டபோது, "ஓதுகிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கடிந்து அனுப்பியவர் நாமே. அன்று முதல் தம் ஆசையை நம்மிடம் சொல்ல அஞ்சியவர், பின்னாளில் முன்பின் அறியாத ஒருவனிடம் சொல்லியிருக்கிறார். போன பணத்தில் நமக்கும் பங்குண்டு என்று உள்ளம் உறுத்திற்று.

பணம் போன வழியை விசாரித்தோம். புகைப்படங்களுக்கு ஒரு தொகை, பெயர்ப் பதிவுக்கு ஒரு தொகை, இயக்குநரைக் காண ஒரு தொகை. அதன்பின் தொலைபேசி அடங்கிவிட்டது. காவல் நிலையத்தில் மனுக் கொடுக்கச் சொன்னோம். நம் குடும்பங்கள் ஒன்றை மனத்தில் இருத்த வேண்டும்: நடிகரைத் தேடுபவர் அவருக்கு ஊதியம் கொடுக்க வேண்டியவர். வாய்ப்புத் தருவதற்கே பணம் கேட்பவர் படமெடுப்பவர் அல்லர். பிள்ளைகளின் ஆசையை விலை பேசுபவர்.

பின் எவ்வாறுதான் தொடங்குவது? பொதுவாழ்வில் யாவரும் அறிந்த இருவரை நினைவூட்டினோம். 1997 வரை நம் திருவள்ளூரும் செங்கற்பட்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தவை. அந்தச் செங்கற்பட்டிலிருந்து வந்த நாசர், ஓட்டலில் வேலை பார்த்தவர். நடிப்புப் பயிற்சி பெற்று, 1985-இல் 'கல்யாண அகதிகள்' படத்தில் கே.பாலசந்தரால் அறிமுகமானவர். அவர் நடிகராக வேண்டுமென்று பெரிதும் விரும்பியவர் அவருடைய தந்தையே. இதைக் கேட்ட நம் மாணவரின் தந்தை தலையைத் தாழ்த்திக்கொண்டார். மற்றவர் விஜய் சேதுபதி. ந.முத்துசாமி 1977-இல் நிறுவிய கூத்துப்பட்டறையில் கணக்கராக இருந்து, நடிப்பவர்களை அருகிருந்து கண்டவர். சிறு வேடங்கள் பல ஏற்றபின், 2010-இல்தான் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் நாயகரானார்.

பிறகு நாளிதழ் ஒன்றை நீட்டி, "உரக்கப் படியும்" என்றோம். படித்தார். ழகரமெல்லாம் ளகரமாயின, வாக்கியங்களின் இறுதி தொண்டைக்குள் மறைந்தது. அரபியில் எழுத்துப் பிறக்கும் இடத்தை மக்ரஜ் என்கிறோம். தமிழிலும் தொல்காப்பியர் இதற்கெனப் பிறப்பியல் என்று ஓர் இயலே வகுத்திருக்கிறார். "அலிஃபையும் ஐனையும் பிரித்து ஓத ஆறு மாதம் உழைத்தீரே, தாய்மொழிக்கு ஆறு நாளாவது உழைத்தீரா?" என்று கேட்டோம். வாலிபர் விடை சொல்லவில்லை. மறுவாரம் தாமே வந்தார்.

மூன்று நிபந்தனைகள் விதித்தோம். நிலையான வருவாய் வரும்வரை வேலையை விடலாகாது. யாருக்கும் பணம் கொடுக்கலாகாது. எந்த வேடத்தை ஏற்பது, எதை மறுப்பது என்பதை வாய்ப்பு வருமுன்னரே வீட்டாருடன் பேசி முடிவு செய்ய வேண்டும். ஆசை முன்னே நிற்கும்போது நாவுக்கு மறுக்கத் தெரியாது.

இன்று அவர் ஞாயிறுதோறும் மின்சார ரயிலேறிச் சென்னை சென்று, ஒரு நாடகக் குழுவில் பழகி வருகிறார். திரையில் வேடம் எதுவும் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நாம் உறுதி கூறவும் இல்லை. வியாழன் மாலைகளில் திண்ணையில் அமர்ந்து நமக்குப் படித்துக் காட்டுகிறார். தந்தையும் வந்து சற்றுத் தள்ளி அமர்கிறார். சென்ற வாரம் ஒரு ழகரம் பிசகிற்று. நாம் வாய் திறக்குமுன் தந்தை திருத்தினார்.