எத்தனை வாட்?

லேப்டாப் எப்படிச் சாகும் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவேன். எதை வாங்கலாம் என்று கேட்டால்தான் யோசிப்பேன். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடியறையில், ஹாட் ஏர் கன்னும் பூதக்கண்ணாடியுமாகப் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். புதுசாக இருக்கும்போது எந்த மெஷினும் என்னிடம் வந்ததில்லை.

அக்கா மகன் அனிமேஷன் படிப்பில் சேர்ந்தான். பிளெண்டர் ஓட வேண்டும். கேமும் ஓட வேண்டும். அதை மட்டும் அவன் அம்மாவிடம் சொல்லவில்லை. அக்கா விருத்தாசலத்திலிருந்து போன் பண்ணினாள். ஒன்றரை லட்ச ரூபாய் ஏலச்சீட்டை ஆறாவது மாதமே தள்ளி எடுத்ததில் கைக்கு வந்தது 1,15,000. "கட்டி முடிக்க இன்னும் பதினாலு மாசம் இருக்குடா. அதுவரைக்குமாவது ஓடணும். நீயே பாத்து வாங்கிக் குடு."

பெரும்பாலான லேப்டாப்புகளுக்கு வாரண்டி ஒரு வருஷம். சீட்டுக்குப் பதினாலு மாதம். நடுவில் விழும் அந்த இரண்டு மாதம்தான் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பையன் ஏற்கெனவே ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தான். மெல்லிசு, அழகு. "மாமா, இதுல 4070 இருக்கு. நீங்க சொல்றதுல 4060தான்."

"எத்தனை வாட்?" என்றேன். விழித்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அட்டைப்பெட்டியில் அந்த எண் பெரும்பாலும் இருப்பதில்லை. தயாரிப்பாளரின் தளத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 4060 சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதை வேண்டுமானாலும் தயாரிப்பாளர் நிர்ணயிக்கலாம். 4070க்கும் அதே வரம்புதான். பெயர் ஒன்று, தீனி வேறு. மெல்லிய பெட்டிக்குள் பட்டினி கிடக்கும் 4070, வயிறாரச் சாப்பிடும் 4060இடம் தோற்றுப்போகலாம். லேப்டாப் வகையில் இரண்டுக்கும் கிராபிக்ஸ் மெமரி 8 ஜிபிதான். கூடுதல் காசு எதற்கு?

வாட் என்பது வேகம் மட்டுமில்லை, சூடும்தான். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் பழைய லேப்டாப் சிப்கள் சிலவற்றின் உறைப்பொருளில் பலவீனம் இருப்பதாகச் சொல்லி 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடேறும்போது சிலிக்கான் ஓரளவு விரியும், அது உட்கார்ந்திருக்கும் தட்டு வேறொரு அளவு விரியும். நடுவில் மாட்டிக்கொண்ட சால்டர் புள்ளிகள், நாள்தோறும் இழுபட்டு இழுபட்டு ஒருநாள் விரிசல் விடும். அந்தக் காலத்தில் போர்டை வீட்டு அவனில் வைத்துச் சுட்டு எடுத்தவர்கள் உண்டு. சிலது உயிர்த்தெழும். சில வாரம் கழித்து மறுபடி போகும்.

பழுதே வராத மாடல் எது என்று பையன் ராத்திரியெல்லாம் தேடினான். எதைத் தேடினாலும் அதைத் திட்டித் தீர்த்த ஒருவர் இருப்பார். நான் வேறு மாதிரிதான் பார்ப்பேன்: குறை வளருமா, வளராதா? திரையின் மூலையில் வெளிச்சம் கசிகிறதா, ஒரு புள்ளி செத்திருக்கிறதா, அநேகமாக அப்படியே இருந்துவிடும். கீல் வளரும். மூடி உலோகம், கீழ்ப்பகுதி பிளாஸ்டிக். கீலின் ஸ்க்ரூக்களைப் பிடித்திருப்பது பிளாஸ்டிக்கில் பதித்த குட்டிப் பித்தளை நட்டுகள். கீல் இறுக்கமாக இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கப்படும். டக்கென்று ஒரு சத்தம். அடுத்தது ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி. என் மேசைக்கு வந்தவற்றில் பாதி, ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கப்பட்டவை என்று நினைக்கிறேன்.

தூசியும் வளரும். மெத்தைமேல் வைத்துக் கேம் ஆடுபவர்களின் மெஷினைத் திறந்தால், ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தலையணைப் பஞ்சு மாதிரி ஒரு அடை இருக்கும். அதனால் அடிமூடியைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடிகிறதா என்று பார்த்தேன். ரேம் இரண்டு குச்சியாக இருக்க வேண்டும். அது சின்ன விஷயம், பின்னால்கூட போட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் 115 வாட் 4060 போட்ட, இரண்டரைக் கிலோ தடியனை வாங்கினோம். மிச்சத்தில் வாரண்டியை இன்னொரு வருஷம் நீட்டினேன். "செங்கல் மாதிரி இருக்கு மாமா," என்றான். சார்ஜரைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சொன்னான்.

மாற்றிக்கொள்ளக் கடைக்காரர் கொடுத்தது ஏழு நாள். அன்றைக்கே உட்கார்ந்தோம். அரை மணி நேரம் கனமான கேமை ஓடவிட்டு எண்களைப் பார்த்தோம். பிராசசர் தொண்ணூறு டிகிரியைத் தாண்டியது, பையன் பதறினான். இந்த ரக மெஷினில் அது சகஜம். சூட்டில் வாட் சரிந்துகொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. சரியவில்லை. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுத் திரை முழுக்கக் கறுப்பு வைத்தோம். கீழே வலது மூலையில் மஞ்சளாக ஒரு கசிவு.

"மாத்திடலாமா மாமா?"

ஒற்றை விரலால் மூடியின் நடுவைத் தூக்கச் சொன்னேன். சத்தமில்லாமல் திறந்தது. ஓரம் எழும்பவில்லை. கசிவை மாற்றப்போய், கீல் இறுகின வேறொன்று வந்து மாட்டினால்? அவனையே முடிவு செய்யச் சொன்னேன். ரொம்ப நேரம் அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தான். வைத்துக்கொண்டான்.

இப்போது சீட்டில் ஒன்பது தவணை பாக்கி. போன வாரம் போன் பண்ணினான். ஃபேன் சத்தத்தில் ரூம்மேட்டுக்குத் தூக்கம் போகிறதாம், என்ன செய்வது என்று கேட்டான். காதில் வைக்கப் பஞ்சு வாங்கிக் கொடுக்கச் சொன்னேன், ரூம்மேட்டுக்கு.