எங்கடை வண்டி

எங்கள் வீட்டுக் கொட்டிலில் ஒரு மொறிஸ் மைனர் பிக்-அப் நிற்கிறது. 1959ஆம் ஆண்டு செய்யப்பட்டது. 1968இல் தகப்பனார் அதனைக் கொழும்பிலிருந்து பழைய வண்டியாகவே வாங்கி வந்தார். அண்மையில் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் அதனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு விலை கேட்டார். புது வர்ணம் பூசிக் கலியாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம் வரும் என்பது அவர் கணக்கு. அவர் சொன்ன தொகை, ஓய்வூதியத்தில் வாழும் ஓர் ஆசிரியனைத் திடுக்கிட வைக்கும் தொகை. ஆயினும் என் வாயில் முதலில் வந்த சொற்கள், "இது எங்கடை வண்டி, விக்கிறேல்லை" என்பனவே.

அவர் போனபின் அந்த 'எங்கடை' என்ற சொல் என்னை உறுத்தத் தொடங்கியது. தனியுடைமையின் தீமைகளைப் பற்றி வகுப்பறையிலும் தொழிற்சங்க மேடையிலும் முப்பது வருடங்கள் பேசியவன் நான். துருப்பிடித்த ஓர் இரும்புக்கூட்டின்மீது எனக்கேன் இத்தனை பற்று? இது வெறும் உடைமை வெறியா? அன்றி வேறேதுமா?

மொறிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரின் வடிவமைப்பு. 1948இல் வெளிவந்தது. பிக்-அப் வகை 1953 முதல் உற்பத்தி செய்யப்பட்டது. காருக்குத் தனிச் சட்டம் இல்லை, உடலே சட்டம். பிக்-அப்புக்கோ பாரம் தாங்கத் தனி இரும்புச் சட்டம் உண்டு. ஐந்து அந்தர் பாரத்துக்கென்று செய்த அந்த வண்டியில் எங்கள் தகப்பனார் எட்டு அந்தர் வெங்காயம் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்கு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய காலத்தில், வெங்காயமும் மிளகாயும் விற்று வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தனர். எங்கள் வீடும் அப்பொழுதுதான் நிமிர்ந்தது. ஆனால் அதே கட்டுப்பாட்டினால் உதிரிப்பாகங்கள் வருவது அரிதாயிற்று. பழையதைத் திருத்துவதன்றி வேறு வழியில்லை.

இந்த வண்டி கவனிப்பைக் கேட்கும் வண்டி. முன்சக்கரங்களின் அடிமூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் ஊட்டாவிட்டால் ஒருநாள் சக்கரம் கழன்று வண்டி ஒருபுறம் சரிந்துவிடும். திறப்பைத் திருப்பியதும் பெற்றோல் பம்பி 'டிக் டிக்' என்று ஒலிக்கவேண்டும். ஒலிக்காவிட்டால் அதனை மெல்லத் தட்டவேண்டும். எங்கே தட்டுவது, எவ்வளவு தட்டுவது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்து வருவதன்று. அது கையின் அறிவு.

அந்தக் கை தகப்பனாருடையதன்று; என்னுடையதுமன்று. ரயில் பாதைக்கு அப்பால் வசித்த ஒருவருடையது. எங்கள் ஊர் எந்தச் சாதியினரைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்ததோ, அந்தச் சாதியிற் பிறந்தவர் அவர். பதினெட்டு வயதில் கராச்சில் வேலை பழகி, முதல் நாளிலிருந்தே எங்கள் வண்டியின் கீழ்ப் படுத்தவர். என்னிலும் ஏழெட்டு வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணை' என்பேன். தகப்பனார் பெயர் சொல்லி, 'நீ' என்றே அழைப்பார். அவர் தகப்பனாரை 'நயினார்' என்பார். அவருக்குத் தேநீர் கொடுப்பதற்கென்று எனாமல் பேணி ஒன்று எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் தனியாகத் தொங்கியது. 1966இல் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் சமத்துவங் கோரி எழுந்த போராட்டத்தை ஆதரித்து நண்பர்களோடு பேசித் திரிந்த வீரன் நான், அந்தப் பேணியைக் காணாதவன் போலவே வளர்ந்தேன்.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குப் பெற்றோல் தடை, பற்றறி தடை. அப்போதுதான் பழைய வண்டிகளின் அருமை தெரிந்தது. புதிய வாகனங்கள் ஓய்ந்து நிற்க, 'ஏ போட்டி'களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆகவே, சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் கபிறேற்றருக்குள் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். அதனை அடிக்கடி மாற்றாவிட்டால் இயந்திரமே அழிந்துபோகும். ஸ்ராட்டரைச் சுழற்ற வலுவில்லாத கிழட்டுப் பற்றறியாயினும், பொறி கொடுக்க அதற்கு வலு இருந்தால் போதும். மிகுதியைக் கைபிடித்துச் சுற்றும் இரும்புத்தண்டு பார்த்துக்கொள்ளும். இவையெல்லாம் அண்ணையின் கைகளில் நடந்தன. ஊர் எங்கள் வண்டியைப் புகழ்ந்தது. தகப்பனார் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமம் முழுவதும் வெளியேறவேண்டும் என்ற அறிவித்தல் வந்த மாலை. அண்ணை ஓடோடி வந்தார். றேடியேற்றருக்குத் தண்ணீர் விட்டார். மூட்டுகளுக்குக் கிறீஸ் ஊட்டினார். பெற்றோல் போத்தலை என் கையில் தந்து, "கவனம் தம்பி, இவ்வளவுதான் கிடக்கு" என்றார். பின்பு தம் வீட்டுக்குப் போய்விட்டார். "நீங்கள் எப்பிடிப் போகப் போறியள்?" என்று நான் அவரைக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இன்றுவரை என்னை நானே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாங்கள் நெல்மூட்டைகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் தேக்கு அலுமாரியையும் ஏற்றினோம்.

நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் இலட்சக்கணக்கான மக்கள். ஓரடி எடுத்துவைக்க ஒரு நாழிகை. அந்த ஊர்தலில் இயந்திரம் சூடு குறைந்து, புளக்குகளில் கரி படிந்து, நின்றுபோயிற்று. நானும் இயன்றவரை சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. சனங்கள் எங்களை ஏசிக்கொண்டு விலகி நடந்தார்கள்.

அப்பொழுது சனத்திரளுக்குள்ளிருந்து அண்ணை வந்தார். சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். பின்கரியரில் அவருடைய தாயார், ஒரு சாக்கினால் போர்த்தியபடி. சைக்கிளை என்னிடம் பிடிக்கத் தந்துவிட்டுப் பொனற்றைத் திறந்தார். நான்கு புளக்குகளையும் கழற்றிச் சாரத்தில் துடைத்தார். எஞ்சிய பெற்றோலைத் துளிதுளியாய் விட்டார். தண்டைச் சுற்றினார். மூன்றாம் சுற்றில் இயந்திரம் பிடித்தது. பொனற்றை மூடிவிட்டு, ஒன்றும் பேசாமல், தம் சைக்கிளை வாங்கக் கையை நீட்டினார்.

"அலுமாரியை இறக்குங்கோ" என்றது என் தாயாரின் குரல்.

தகப்பனார் வாய் திறக்கவில்லை. அலுமாரியைத் தெருவோரத்து ஈரத்தில் இறக்கி வைத்தோம். அண்ணையின் தாயார் நெல்மூட்டைமேல் அமர்ந்தார். அண்ணை சைக்கிளை உருட்டியவாறு, ஒரு கையை மட்காட்டின்மேல் வைத்துக்கொண்டு, விடியும்வரை கூடவே நடந்தார்.

தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆறு மாதம் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருந்தோம். ஒரே பானையில் உண்டோம். துன்பம் மனிதரைச் சமமாக்கிவிட்டது என்று நான் நம்பினேன். 1996இல் ஊர் திரும்பினோம். கூரை சிதைந்திருந்தது, கதவுகள் போயிருந்தன. எனாமல் பேணி மட்டும் தாழ்வாரத்தில் அப்படியே தொங்கியது. சில நாட்களில் அது மீண்டும் பாவனைக்கு வந்தது. அதனை எடுத்தெறிய எனக்கு மேலும் இரண்டு வருடங்கள் சென்றன. தகப்பனார் கண்மூடிய பின்னரே துணிந்தேன். சமத்துவம் பேசிய வாய்க்கும் ஒரு பேணியைக் கழற்றும் கைக்கும் இடையே எவ்வளவு தூரம்!

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியபின்னும், இத்தகைய கிழட்டு வண்டிகளை 'அரும்பொருள்' என்று தேடி வருவோர் குறையவில்லை. அவர்கள் விலை பேசுவது இரும்புக்கு அன்று. அது அழியாமல் நிற்பதற்கு. அழியாமல் நிற்பது தானாக நிகழ்ந்ததன்று. ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு அதற்குள் உறைந்திருக்கிறது. அந்த உழைப்புக்கு நாள்கூலி கொடுத்துவிட்டோம். ஆகவே கணக்குத் தீர்ந்தது என்கிறது பதிவுப் புத்தகம். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. என் பற்று வெறும் உடைமை வெறியாக இருந்திருந்தால், அந்த ஒற்றைப் பெயர் எனக்கு இப்படிக் கூசியிராது. ஆனால் கூச்சம் மட்டும் நியாயமாகிவிடாது.

சென்ற வாரம் அண்ணையிடம் போனேன். வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது, கை நடுங்குகிறது. உறவினர் சொன்ன விலையைச் சொன்னேன். "அது உங்கடை சாமான் தம்பி. ஆனால் விக்கிறதெண்டால் ஓடுற ஆளுக்குக் குடுங்கோ, சோடிச்சு நிப்பாட்டி வைக்கிற ஆளுக்கு வேண்டாம்" என்றார். வண்டியை அவர் பெயருக்கு மாற்ற விரும்புகிறேன் என்றேன். அவர் சிரித்தார். "வரியையும் என்ரை தலையிலை கட்டுறியளோ?" என்றார். பின்பு சிரிப்பை நிறுத்திவிட்டு, "யோசிப்பம்" என்றார்.

ஏட்டுத் தமிழில் கேட்பவரை விலக்கினால் 'எங்கள்'. அவரையும் சேர்த்தால் 'நம்'. எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் இரண்டுக்கும் 'எங்கடை' என்ற ஒரே சொல்தான். இருபொருளுக்கும் இடந்தரும் அந்தச் சொல்லின் பின்னால் நான் நெடுங்காலம் ஒளிந்திருந்தேன். மாற்றப் படிவம் மேசைமேல் இருக்கிறது. என் கையொப்பத்தை இட்டுவிட்டேன். அவருடைய கையொப்பத்துக்காகக் காத்திருக்கிறேன்.