கம்மாய் என்றே இருக்கட்டும்

நேற்றுச் சாயங்காலம் பக்கத்துத் தெருப் பிள்ளை ஒருத்தி நோட்டோடு வந்தாள். கோவில்பட்டியில் கல்லூரி இரண்டாம் வருஷம். "மாமா, இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா, நெட்டுல போடலாமா?" என்று கேட்டாள். ஒரு வாக்கியத்தில் பதில் சொல்ல வரவில்லை. ராத்திரி உட்கார்ந்து, தோன்றியதைத் தோன்றிய வரிசையில் எழுதி வைக்கிறேன். அவளுக்கும், இளையரசனேந்தலில் வீட்டுக்குத் தெரியாமல் எழுதிக்கொண்டிருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும்.

*

அவள் எழுதியிருந்தது நம் இளையரசனேந்தல் பிர்க்கா என்கிற வருவாய்க் குறுவட்டத்தைப் பற்றி. 2008இல் சங்கரன்கோவில் தாலுகாவிலிருந்து பிரித்து, தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி தாலுகாவோடு நம்மைச் சேர்த்தார்கள். ஊராட்சிகளோ குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றுகொண்டன. 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோது குருவிகுளம் அங்கே போயிற்று. பட்டாவுக்கு ஒரு மாவட்டம், தெருவிளக்குக்கு இன்னொரு மாவட்டம்.

நல்ல விஷயம். ஆனால் கட்டுரை "நிர்வாகம் என்பது மக்களுக்கானது" என்று தொடங்கி மூன்று பக்கம் அப்படியே போனது. நான்காம் பக்கத்தில்தான் அவள் ஆச்சி வந்தாள். முதியோர் உதவித்தொகை விசாரிக்கக் கோவில்பட்டிக்கு ஒரு நாள் பஸ், நூறு நாள் வேலைச் சம்பளம் கேட்கக் குருவிகுளத்துக்கு இன்னொரு நாள் பஸ். ஆச்சியின் மஞ்சப்பையில் இரண்டு பிளாஸ்டிக் கவர். ஆச்சிக்கு எழுத்து தெரியாது. காகிதம் மாறிப்போகக் கூடாதென்று கோவில்பட்டிக் கவரில் மட்டும் ஒரு சிவப்பு நூலைச் சுற்றி வைத்திருக்கிறாள்.

"தாயி, இங்கேருந்து ஆரம்பி" என்றேன். முன்னால் இருந்த மூன்று பக்கத்தையும் மடித்து அவள் கையிலேயே கொடுத்தேன். முகம் வாடிவிட்டது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

*

ஆச்சி கதை மட்டும் இருந்தால் போதாது. எந்த அரசாணை, என்ன தேதி, எத்தனை ஊராட்சி என்பது கையில் இருக்க வேண்டும். ஊரில் சொல்லக் கேட்டது ஆதாரம் ஆகாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். கட்டுரை வந்த பிறகு யாராவது "இது தப்பு" என்று வந்தால் அதுதான் உனக்குத் துணை.

*

இங்கே பிறந்தவனுக்கு எழுத்து எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் இடைசெவலைக் காட்டுவேன். கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கிற சின்ன ஊர். கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி இருவரும் 1923இல், அதுவும் ஒரே செப்டம்பரில், அங்கே பிறந்தவர்கள். இருவருக்கும் சாகித்ய அகாடமி விருது. அழகிரிசாமிக்கு 1970இல், அவர் இறந்த பிறகு வந்தது.

கி.ரா.வின் முதல் கதை 'சரஸ்வதி'யில் வந்தது 1958இல். அப்போது அவருக்கு ஏறக்குறைய 35 வயது. இருபது வயதில் ஒரு கதை திரும்பி வந்ததற்காக அழுகிற பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

இன்னொன்று. அழகிரிசாமி சென்னைக்கும் பிறகு மலேயாவுக்கும் போய்ப் பத்திரிகை வேலை பார்த்தார். ஊரில் இருந்த கி.ரா.வுக்கு இசை, இலக்கியம், வீட்டு நடப்பு என்று எல்லாம் கடிதத்தில் எழுதினார். கி.ரா. அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தார், பின்னால் புத்தகமாகவே வந்தன. ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பார் என்பது அவர்களுக்கு இருந்தது. பதிப்பாளரைத் தேடுவதற்கு முன்னால் அப்படி ஓர் ஆளைத் தேடு. புகழ்கிற ஆள் வேண்டாம். "இந்த இடத்துல எனக்குப் புரியலை" என்று சொல்கிற ஆள் ஒருத்தர் போதும்.

*

கம்மாய் விஷயம். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகைக்கு, மழை பிந்திப் பெய்து கம்மாய் பெருகிய ராத்திரி பற்றி எழுதி அனுப்பினேன். அச்சில் பார்த்தால் கம்மாய் எல்லாம் ஏரி ஆகியிருந்தது. "ஏரி பெருகி விட்டது" என்று என் ஆட்கள் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. கலுங்கு என்று இருந்த இடத்தில் 'நீர் வெளியேறும் வழி' என்று போட்டிருந்தார்கள். என் அய்யா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "இது எந்த ஊருப்பா?" என்றார். அந்த இதழை நான் யாருக்கும் காட்டவில்லை.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், கட்டுரையோடு தனியாக ஐந்தாறு வரி வைக்கிறேன். 'கம்மாய், கலுங்கு, மடை, வெதப்பு, இந்தச் சொற்களை மாற்ற வேண்டாம், பொருள் இன்னது.' ஆசிரியர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். புரியாததால்தான் மாற்றுகிறார்கள், வன்மத்தில் இல்லை. கி.ரா. தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். நம் சொல் பலவும் அச்சில் ஏறின சொல் என்று காட்ட அது உதவும்.

அதே சமயம், ஆசிரியர் குறைக்கச் சொன்னால் குறை. சொல்லை மாற்றுவது வேறு, பக்கத்தைக் குறைப்பது வேறு. குறைக்கச் சொல்லி எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நியாயமாக இருந்தன.

*

அனுப்புகிற முறை. யூனிகோடில் தட்டச்சு செய்து வேர்டு கோப்பாக அனுப்பு. கையெழுத்துப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதே. வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் கொச்சகொச்சவென்று குறிகளாகத் தெரியும். கோவில்பட்டியில் டைப் செய்து வாங்கினால், "யூனிகோடுதானே அண்ணாச்சி?" என்று முதலிலேயே கேட்டுக்கொள். போனில் அடிக்கச் செல்லினம் மாதிரி செயலிகள் இருக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை ஒரு வாரம் கை பழகிவிட்டால் வாழ்நாளுக்கும் வேகம். பேசினால் எழுதிக்கொள்கிற வசதி உரைநடைக்குப் பரவாயில்லை, நம் கரிசல் பேச்சை அது வேறாகக் கேட்கிறது. அதை நம்பி அனுப்பிவிடாமல் சத்தம்போட்டு ஒரு தடவை படித்துப் பார்.

ஒரு கட்டுரையை ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டும் அனுப்பு. இரண்டு மூன்று மாதம் பார். பதில் இல்லையென்றால் "திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று மரியாதையாக எழுதிவிட்டு அடுத்த இடத்துக்குப் போ. முகநூலில் போட்டுவிட்டதைப் புதுசு என்று அனுப்பாதே. பல இதழ்களில் எடுக்க மாட்டார்கள்.

*

இணைய இதழா அச்சா? இரண்டிலும் எழுதுகிறவன் என்கிற முறையில் சொல்கிறேன். திண்ணை, சொல்வனம், மலேசியாவிலிருந்து வல்லினம் என்று நன்றாக நடந்த, நடக்கிற இணைய இதழ்கள் இருக்கின்றன. அங்கே நீளத்துக்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. கனடாவில் இருப்பவர் அன்று ராத்திரியே படித்துவிடுவார். சன்மானம் பெரும்பாலும் இருக்காது. அதை முதலிலேயே தெரிந்துகொண்டு எழுது, பிறகு வருத்தப்படாதே.

இணையத்தில் வந்தது என்றைக்கும் இருக்கும் என்று நினைப்பதுதான் தப்பு. ஆண்டுக் கட்டணம் கட்டாமல் ஓர் இதழ் நின்றுபோனபோது என் பதினோரு கட்டுரைகள் அதோடு போயின. நாலு மட்டும் என் பழைய மின்னஞ்சலில் கிடைத்தன. ஒவ்வொன்றும் வெளிவந்த தேதியோடு உன்னிடம் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி, காகிதத்தில் ஒரு பிரதி.

படம். கூகுளில் கிடைக்கிற படம் எல்லாம் எடுத்துப் போடக் கூடாது, அது இன்னொருத்தர் சொத்து. உன் போனில் எடுத்த ஆச்சியின் மஞ்சப்பைப் படம் போதும், ஆச்சியிடம் கேட்டுவிட்டுப் போடு.

*

இனி புத்தகம். இதை நிதானமாகப் படி.

எழுதி முடித்த நிமிஷமே பதிப்புரிமை உன்னுடையது, பதிவு செய்வது கட்டாயம் இல்லை. உன் ஆயுள் முழுக்கவும், அதற்கு மேல் 60 வருஷமும் அது இருக்கும். 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு நமக்காகவே எழுதியது போல இருக்கும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் 5 வருஷம்தான். எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாத வரை, அது உன்னிடமே திரும்பும்.

ஆகவே ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை: எத்தனை பிரதி, எத்தனை வருஷம், ராயல்டி எத்தனை சதவீதம் (பொதுவாக விலையில் 10 என்று பேசுவார்கள்), கணக்கு எப்போது காட்டுவார்கள், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, சினிமா உரிமை யாருக்கு. "எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்" என்று ஒரு வரி இருந்தால் பேனாவை மூடு. "நமக்குள்ள எதுக்குத் தம்பி காகிதம்" என்று அன்பாகச் சொன்னாலும் காகிதம் கேள். அன்பு அப்படியே இருக்கும்.

நான் கேட்கவில்லை. என் முதல் தொகுப்புக்கு நானே பணம் கொடுத்தேன், மனைவியின் ஒரு ஜோடி வளையலை அடகு வைத்து. 500 பிரதி என்று பேச்சு. வீட்டுக்கு 120 பிரதி வந்தது. மற்றது விற்றதா, அச்சே ஆகவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்பதற்குக் கையில் ஒரு துண்டுச்சீட்டு இல்லை. கட்டிலுக்கு அடியில் அந்தக் கட்டுகள் இருந்த வருஷங்களில் மனைவி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெருக்கும்போது ஒவ்வொரு கட்டாக நகர்த்தி, கரையான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப வைப்பாள்.

பணம் கொடுத்துப் போடுவது தப்பு என்று சொல்ல வரவில்லை. சொந்தமாகவே போடலாம். ஐ.எஸ்.பி.என். எண் இந்தியாவில் இலவசம், தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமைக்கு எழுத்தாளர் தனியாகவே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அதற்கென்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதே. எழுத்தாளர் சி.சு.செல்லப்பா தன் புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. கவிஞர் மீரா 'அன்னம்' பதிப்பகத்தைச் சிவகங்கையிலிருந்து நடத்தினார், கி.ரா.வின் நூல்களையும் அங்கிருந்துதான் கொண்டுவந்தார்.

*

இன்று காலையில் அந்தப் பிள்ளை திரும்ப வந்தாள். முதல் பக்கம் புதுசாக இருந்தது, சிவப்பு நூலில் ஆரம்பித்திருந்தாள். இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தது, அதை மட்டும் பென்சிலில் குறித்துக் கொடுத்தேன். வாசல்படி வரைக்கும் போனவள் நின்று, "மாமா, கடைசில முகவரி போடணுமே, மாவட்டம் எதுன்னு போட?" என்று கேட்டாள்.

தபால்காரரிடம் கேட்டு எழுதச் சொன்னேன். பின்கோடு விடாமல் போடச் சொன்னேன். இதழ் வந்தால் எழுதினவருக்கு ஒரு பிரதி அனுப்புவார்கள்.