கேஷ் இருக்கு, காசு இல்லை!

ஒரு பொருளை ஒருத்தர் கண்ணிலும் படாமல் ஒளித்து வைக்க வேண்டியது. பிறகு அது இருக்கும் இடத்தை உலகத்துக்கே விலாசம் போட்டு அறிவிக்க வேண்டியது. இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது சார். பெயர் ஜியோகேஷிங். ஒளித்து வைக்கும் டப்பாவுக்குப் பெயர் 'கேஷ்'. பணத்தைக் குறிக்கும் கேஷுக்கும் இதற்கும் ஸ்பெல்லிங்தான் வேறு, உச்சரிப்பு ஒன்று. நான் வேறு பி.காம்.! 'நெய்வேலியில ஒரு கேஷ் வைக்கப் போறேன்' என்றதும் நண்பர்கள் முகத்தில் வந்த மரியாதையைப் பார்க்க வேண்டுமே! 'வட்டி எவ்வளவு தர்றாங்க?' என்று காதோரம் வந்து கேட்டான் ஒருத்தன்.

விளையாட்டு பிறந்த கதை சின்னது. ஜி.பி.எஸ். சிக்னலை அமெரிக்கா ரொம்ப நாள் பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கொஞ்சம் கலக்கித்தான் கொடுத்துவந்தது. 100 மீட்டர்கூடத் தள்ளிக் காட்டும். 2000 மே மாதத் தொடக்கத்தில் கலப்படத்தை நிறுத்தினார்கள். உடனே மே 3-ம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு கறுப்பு பக்கெட்டை வைத்துவிட்டு, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இன்டர்நெட்டில் போட்டார். உள்ளே புத்தகம், வீடியோ, ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ். ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வை, நோட்டில் கையெழுத்துப் போடு. அவ்வளவுதான் சட்டம். சில நாட்களிலேயே ஒருவர் போய்க் கண்டுபிடித்தார். இன்றைக்கு உலகம் பூராவும் லட்சக்கணக்கில் டப்பாக்கள்.

இந்த விளையாட்டுக்கு நெய்வேலி பொருத்தமான ஊர். பூமாதேவி ஒளித்து வைத்த கேஷ் அல்லவா பழுப்பு நிலக்கரி! 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-ல் கம்பெனி, 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார், 1961-ல் கரி கண்ணில் பட்டது. எல்லாம் சரி, ஜியோகேஷிங்கின் முக்கியமான விதி என்ன தெரியுமா? மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது! ஊரே தோண்டிப் பிழைக்கிற இடத்தில் இப்படி ஒரு விதி.

டப்பா தேடினேன். எவர்சில்வர் கூடாது, பளபளப்பைப் பார்த்ததும் பழைய இரும்புக்காரர் பேரீச்சம்பழமாக மாற்றிவிடுவார். அம்மாவிடம் ரப்பர் வளையம் வைத்த, நாலு பக்கமும் கிளிப் போடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. 'ஊறுகாய் டப்பாடா அது' என்று ஆட்சேபித்துவிட்டுக் கொடுத்தார். உள்ளே ஒரு பேப்பரை மடித்து வைத்து, ராத்திரி முழுக்க பக்கெட் தண்ணீரில் கல்லை வைத்து அமுக்கினேன். காலையில் பேப்பர் காய்ந்தே இருந்தது, மாவடு வாசனையோடு. ஐப்பசி மழைக்கு அது தாங்கும்.

உள்ளே போட வேண்டியவை: ஒரு குட்டி நோட்டு, பென்சில் (பேனா வேண்டாம், ஈரத்தில் மை ஓடிவிடும்), ஷூ டப்பாவில் வருமே, ஈரம் உறிஞ்சும் பொட்டலம், அது ஒன்று. விளையாட்டுச் சாமானாக நாலு கோலி, ஒரு பம்பரம், 2011-ல் செல்லாமல் போன நாலணா ஒன்று. அம்மா ஒரு பிடி முந்திரிப் பருப்பும் போடச் சொன்னார். தின்பண்டம் போடக் கூடாது என்பது விதி; எறும்பு வரும், எலி வரும். முந்திரி எனக்கு வந்தது.

'இது ஒரு விளையாட்டுப் பெட்டி' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் மேலே எழுதி ஒட்டினேன். 'வெடிகுண்டு அல்ல' என்று சேர்க்கலாமே என்றான் நண்பன். அதைப் படித்த பிறகுதானே ஜனங்கள் ஓட ஆரம்பிப்பார்கள்!

அடுத்தது இடம். நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும் என்பது இன்னொரு விதி. டவுன்ஷிப்பில் வீடு, ரோடு, மரம் எல்லாம் கம்பெனியுடையது. ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். 'சொந்த ஊர் நெய்வேலி' என்று சொல்லிக்கொள்கிற எங்களில் பல பேருக்கு அங்கே சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. எனவே வெளியே, பண்ருட்டிப் பக்கம், தெரிந்த பெரியவர் ஒருவரின் முந்திரித் தோப்புக்குப் போனேன்.

"வச்சுக்குங்க தம்பி. ஆனா ஒளிச்சும் வைக்கிறீங்க, இடத்தையும் சொல்லிடுறீங்க. இதுல என்ன இருக்கு?" என்றார்.

"தேடி வர்றதுதாங்க ஐயா விளையாட்டு" என்றேன்.

தரையோடு தாழ்ந்து படர்ந்த கிளை, அடியில் ஒரு பொந்து. டப்பா கச்சிதமாக உட்கார்ந்தது. செல்போனில் அளவு எடுத்தேன். மரத்தடியில் சிக்னல் ஆடும். ஒரு தடவை எடுத்தால் போதாது. மூன்று நாள், வேறு வேறு நேரத்தில் வந்து எடுத்துச் சராசரி போட்டேன். பி.காம். படிப்பு பிரயோஜனப்பட்ட இடம் அதுதான். வடக்கு 11 டிகிரி, கிழக்கு 79 டிகிரி, பிறகு நிமிஷம், அதற்குப் பிறகு மூன்று தசம ஸ்தானம். கடைசி ஸ்தானத்தில் ஒன்று மாறினால் இரண்டு மீட்டர்கூட நகராது.

பெரியவர் மூன்று நாளும் கூடவே நின்று பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டார்: "தம்பி, எல்லா எடத்துக்கும் இந்த மாதிரி நம்பர் உண்டா?"

"உண்டுங்க ஐயா."

"எங்க ஊரு சுரங்கத்துக்குள்ள போயிடுச்சு. வீடு, கோயில், கொளம் ஒண்ணும் இல்ல. அதுக்கும் இருக்குமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மண்ணை மீட்டர் மீட்டராக அள்ளி, கரியை எடுத்து, எரித்து, மின்சாரமாக்கி அனுப்பியாகிவிட்டது. அந்த வெளிச்சத்தில் படித்தவன்தான் நான். ஆனால் அட்சரேகையை எந்த இயந்திரமும் அள்ள முடியாது.

"இருக்குங்க ஐயா. தோண்டினாலும் நம்பர் மாறாது."

கொஞ்ச நேரம் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஊர் பேரையாவது அந்த நோட்டுல எழுதுங்க" என்றார். நோட்டை அவரிடமே கொடுத்தேன். பென்சிலை நாக்கில் தொட்டு, முதல் பக்கத்தில் நிதானமாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார்.

அன்று ராத்திரி விவரம் எழுதினேன். சிரமம் 5-க்கு ஒன்றரை, பாதை 5-க்கு இரண்டு. பெரியவரிடம் சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போகவும். முந்திரி பறிக்க வேண்டாம். டப்பாவை எடுத்த இடத்திலேயே வைக்கவும். ஈரமானால் நோட்டு மாற்ற நான் வருவேன். சரிபார்க்கும் தொண்டர் படித்து, பக்கத்தில் 161 மீட்டருக்குள் வேறு டப்பா இல்லை என்று பார்த்த பிறகுதான் வெளியிடுவார். கேஷுக்குப் பெயர் என்ன என்று கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. அந்த ஊர் பெயரையே போட்டேன்.

அது என்ன ஊர் என்கிறீர்களா? இங்கே சொல்வதாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவுதானே, வந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். முதல் பக்கம்.