வாஷிங்டன் என்னும் பெயர்

இங்கிலாந்தின் வடகிழக்கே, முன்பு டர்ஹாம் சீமையைச் சேர்ந்திருந்த பகுதியில், வியர் நதிக்கு வடபால் வாஷிங்டன் என்றொரு பழைய ஊர் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் அவ்வூர் நிலங்களை டர்ஹாம் பிஷப்பிடமிருந்து பெற்ற வில்லியம் என்னும் பிரபு, அதுவரை தமக்கிருந்த ஹெர்ட்பர்ன் என்ற பெயரைத் துறந்து, புதிய ஊரின் பெயரையே பூண்டார். வம்சம் கிளைத்துத் தெற்கே சென்றது. அதில் வந்த ஜான் என்பவர் 17-ஆம் நூற்றாண்டின் இடையில் கடல் கடந்து வர்ஜீனியாவில் குடியேறினார். அவருடைய கொள்ளுப்பேரரே ஜார்ஜ் வாஷிங்டன். அதன்பின் அப்பெயர் தலைநகருக்கும் ராஜ்யத்துக்கும் வழங்கிய விருத்தாந்தத்தை யாவரும் அறிவர்.

ஜார்ஜுக்குச் சந்ததி இல்லை. ஆனால், 2000-ஆம் ஆண்டு அமெரிக்க ஜனத்தொகைக் கணக்கின்படி, வாஷிங்டன் என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டவர்களில் 100-க்கு ஏறக்குறைய 90 பேர் கறுப்பர்கள். 1799-இல் ஜார்ஜின் மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் உழைத்தார்கள் என்பதை எண்ணும்போது, இந்தக் கணக்கு என் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

அவ்வேளைகளில் நான் எடுத்துப் புரட்டுவது புக்கர் வாஷிங்டனின் சுயசரிதையை. 1856-இல் அடிமையாகப் பிறந்து, விடுதலைக்குப் பின் மேற்கு வர்ஜீனியாவின் உப்புக் காளவாயில் விடியுமுன் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன அந்தச் சிறுவனுக்கு, மற்றப் பிள்ளைகளைப் போலத் தலைக்குத் தொப்பி இல்லை; கடையில் வாங்கக் காசில்லாத தாய், வீட்டில் நெய்த முரட்டுத் துணித் துண்டுகள் இரண்டை ஒட்டித் தைத்துக் கொடுத்தாள். தொப்பிக் குறை அவ்வாறு தீர்ந்தது. பெயர்க் குறை இருந்தது. ஆசிரியர் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகையில், ஒவ்வொருவனுக்கும் இரண்டு பெயராவது இருப்பதைக் கண்டு, வெறும் புக்கராகவே அதுவரை வளர்ந்த அவன் கலங்கினான். ஆயினும் தன் முறை வருவதற்குள் மனத்தில் ஒரு நிச்சயம் பிறந்துவிட, சிறிதும் தயங்காமல் ‘புக்கர் வாஷிங்டன்’ என்றான். அவனுடைய மாற்றாந் தகப்பனாரின் பெயர் வாஷிங்டன் என்பது உண்மையே. ஆனால் அக்கணத்தில் அதை எடுத்துத் தன் குலப்பெயராக்கியவன் அவனே.

வில்லியம் பிரபுவுக்கு நிலத்தோடு பெயர் வந்தது. ஜார்ஜுக்குப் பிறப்போடு வந்தது. நிலமும் குலமும் மறுக்கப்பட்ட சிறுவன் தானே சூடிக்கொண்டதால், அவனுடைய பாத்தியதையே மூவரிலும் உயர்ந்தது என்பது என் துணிபு. 1901-இல் வெளிவந்த அப்புத்தகத்தை வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும். இந்தப் பெயர்க் கதை அதன் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது.